இருட்டில் குடியேறும் இன்னொரு படம்: லேயர் வைத்து டபுள் எக்ஸ்போஷர் செய்வது எப்படி

பக்கவாட்டில் திரும்பிய ஒரு முகம், அதற்குள் ஒரு காடு, தலைமுடி இருக்க வேண்டிய இடத்தில் மரக்கிளைகள். இப்படி ஒரு படத்தைப் பார்த்துவிட்டு நாமும் செய்து பார்க்கலாம் என்று உட்காருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் செய்வது, இரண்டு படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து மேலே இருப்பதன் ஒப்பாசிட்டியை, அதாவது அது கீழே இருப்பதை மறைக்கிற அளவை, 50 சதவீதத்துக்கு இறக்குவது. வருவது சாம்பல் பூத்த ஒரு கலவை. முகமும் தெளிவாக இருக்காது, காடும் தெளிவாக இருக்காது. நானும் ரொம்ப நாள் இதையே செய்துகொண்டு, படம்தான் பொருந்தவில்லை போல என்று ஒவ்வொரு படமாக மாற்றி மாற்றிப் பார்த்தேன். படங்கள் நன்றாகத்தான் இருந்தன, கலக்கிற முறைதான் தப்பு.

ஃபிலிமில் இது எப்படி நடந்தது என்று ஒரு தடவை புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஃபிலிமை நகர்த்தாமல் ஒரே ஃபிரேமின் மேல் இரண்டு முறை ஒளி விழவைப்பார்கள். முதல் தடவையில் வெளிச்சம் நன்றாக விழுந்த இடம் அப்போதே நிரம்பிவிடும், அங்கே இரண்டாவது படம் எதையும் எழுத முடியாது. முதல் தடவையில் இருட்டாக இருந்த இடம் காலியாகவே இருக்கும், இரண்டாவது படம் அங்கே போய் உட்காரும். ஒளி மேல் ஒளி கூடிக்கொண்டே போகும் என்பதால், இரண்டு முறை எடுக்கப்போகிறோம் என்றால் ஒவ்வொன்றையும் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி ஒளி) குறைத்து எடுப்பார்கள், நான்கு முறை என்றால் இரண்டு ஸ்டாப். ஆக, இருட்டுதான் இடம் கொடுக்கிறது. டபுள் எக்ஸ்போஷரில் படம் தேர்ந்தெடுப்பதிலிருந்து, ஒரு படத்தில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்கிற மாஸ்க்கை (வெள்ளை இடம் தெரியும், கறுப்பு இடம் மறையும்) வரைவது வரை எல்லா முடிவும் இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

சாஃப்ட்வேரில் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவோம், ஒவ்வொரு அடுக்கும் ஒரு லேயர். மேல் லேயர் கீழ் லேயரோடு எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்வது பிளெண்ட் மோட். ஃபிலிமில் நடந்ததை இங்கே செய்வதற்குத்தான் ஸ்கிரீன் என்ற பிளெண்ட் மோட். ஃபோட்டோஷாப், கிம்ப், கிரிட்டா, பிரவுசரிலேயே ஓடுகிற ஃபோட்டோபீ, எதைத் திறந்தாலும் லேயர் பேனலில் நார்மல் என்று இருக்கும் இடத்தில் இது கிடைக்கும். கணக்கு போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. முகப் படத்தில் தலைமுடி 20, பின்னணி 255 என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுப் படத்தில் வானம் 240, மரம் 20. நார்மல் மோடில் 50 சதவீதம் வைத்தால், முடியின் மேல் வானம் வருகிற இடம் 130, வெள்ளைப் பின்னணியின் மேல் மரம் வருகிற இடம் கிட்டத்தட்ட 137. இரண்டும் ஒரே சாம்பல்! உருவத்தின் எல்லையே அழிந்துபோகிறது. ஸ்கிரீனில் வைத்தால் முடியின் மேல் வானம் 241, முடியின் மேல் மரம் 38, வெள்ளைப் பின்னணி என்ன வந்தாலும் 255. அதாவது பின்னணி சுத்தமாக அப்படியே இருக்கிறது, தலைக்குள் மட்டும் மரமும் வானமும் முழு அழுத்தத்தோடு தெரிகின்றன.

படம் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேயே முடிகிறது, அதனால் இதில் அவசரப்படாதீர்கள்.

கீழே வைக்கிற படம், அதாவது உருவம், நல்ல வெளிச்சமான எளிய பின்னணிக்கு முன்னால் இருட்டாக இருக்க வேண்டும். மேகம் மூடிய வானம், வெள்ளைச் சுவர், ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக நிற்பது, இவையெல்லாம் அருமையாக வரும். முழுக்க நிழலுருவமாகக் கறுத்துப்போக வேண்டும் என்று இல்லை, கண், மூக்கு, உதடு கொஞ்சம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் இருந்தால்தான் அது ஒரு மனிதர் என்ற உணர்வு வரும். நேராகப் பார்க்கிற முகத்தைவிடப் பக்கவாட்டு முகம் தொடக்கத்துக்கு எளிது. நெற்றி, மூக்கு, தாடை என்று அந்தக் கோடு ஒன்றே யார் என்று சொல்லிவிடும், உள்ளே என்ன நிரப்பினாலும் தாங்கும். நேர்முகத்தில் கண்ணின் மேல் ஒரு கிளை குறுக்கே போனாலே பார்க்கச் சங்கடமாகிவிடும்.

மேலே வைக்கிற படத்துக்கு, இருட்டும் வெளிச்சமும் தெளிவாகப் பிரிந்திருக்க வேண்டும். இலையுதிர்ந்த மரங்கள், மலைமுகடுகள், கட்டடங்களின் விளிம்பு, பறவைக் கூட்டம், அலை உடைகிற கடல். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிப் பச்சையாக இருக்கிற அடர்ந்த புதர்ப் படம் சலிப்பாகத்தான் வரும், ஏனென்றால் அதில் கண் நிற்பதற்கு ஓர் இடம் கிடையாது.

இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது மேல் படத்தின் வானம் எங்கே விழப்போகிறது என்பதை. வானம் வெளுப்பு, பின்னணியும் வெளுப்பு. வானம் உச்சந்தலையில் விழுந்தால் அங்கே தலையின் எல்லை கரைந்து, கீழே நிற்கிற மரங்களின் நுனிகள்தான் தலைமுடியாக மாறும். எல்லாரும் ஆசைப்படுகிற அந்தத் தோற்றம் இப்படித்தான் வருகிறது, அதற்காகத் தனியாக எதையும் வெட்டி ஒட்டுவதில்லை. அதே வானம் மூக்குப் பக்கம் விழுந்துவிட்டால் மூக்கு காணாமல் போய் முகமே குலைந்துவிடும். ஆகவே முகக்கோடு இருக்கிற பக்கம் மேல் படத்தின் இருட்டான பகுதி வரும்படியும், தலையின் உச்சியிலோ பின்புறத்திலோ வெளிச்சம் வரும்படியும் பாருங்கள். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கத் தயங்காதீர்கள், பல சமயம் அது ஒன்றே சரிசெய்துவிடும்.

அளவும் முக்கியம். மேல் படத்தை அதன் 100 சதவீதத்துக்கு மேல் பெரிதாக்க நேர்ந்தால் முகம் கூர்மையாகவும் காடு மங்கலாகவும் நிற்கும், இரண்டு படம் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நீளமான பக்கம் 3000 பிக்சலாவது இருக்கிற படங்களாக எடுத்துக்கொண்டால் கவலை இல்லை.

உருவத்தைத் தயார் செய்வது

முகப் படத்தைத் திறந்ததும் (இங்கே சொல்கிற கீகள் ஃபோட்டோஷாப்புக்கானவை) கண்ட்ரோல் ஜே அழுத்தி ஒரு நகல் எடுத்து, நகலில்தான் வேலை செய்ய வேண்டும். மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், ஆல்ட்டுக்குப் பதில் ஆப்ஷன்.

முதலில் கறுப்பு வெள்ளை ஆக்குங்கள். வண்ணத்திலேயே செய்யலாம்தான், ஆனால் முதல் நாலைந்து படத்தைக் கறுப்பு வெள்ளையில் செய்து பழகுகிறவர்களுக்கு ஒளி எப்படிச் சேர்கிறது என்பது சீக்கிரம் பிடிபடும் என்பது என் உறுதியான எண்ணம். இங்கே ஒரு நல்ல வித்தை இருக்கிறது. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனல்களாகப் பதிவாகிறது, அதில் மனிதத் தோல் சிவப்பு சேனலில் வெளுப்பாகவும் நீல சேனலில் இருட்டாகவும் பதிவாகிறது. ஆகவே வெறுமனே சாச்சுரேஷனைக் குறைக்காமல், பிளாக் அண்ட் ஒயிட் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (படத்தைத் தொடாமல் மேலேயிருந்து மாற்றுகிற லேயர்) போட்டு அதில் ரெட், யெல்லோ ஸ்லைடர்களை இடப்பக்கம் இழுத்தால் தோல் இருட்டாகிறது, பின்னணி வெளுப்பு அப்படியே நிற்கிறது. முகம் இருண்டால் உள்ளே இடம் அதிகம். வெளிச்சமாக எடுத்துவிட்ட படத்தைக்கூட இப்படிக் காப்பாற்றலாம்.

அடுத்தது பின்னணியை உண்மையான வெள்ளை ஆக்குவது. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற சுவர் 220, 230 என்றுதான் இருக்கும், அந்த மிச்ச இருட்டில் காடு மெல்லியதாக ஒட்டிக்கொண்டு அழுக்குப் போலத் தெரியும். கறுப்பும் வெள்ளையும் எங்கே தொடங்க வேண்டும் என்று அமைக்கிற லெவல்ஸைத் திறந்து வலது கோடியில் இருக்கிற வெள்ளை முக்கோணத்தை உள்நோக்கி இழுங்கள். ஃபோட்டோஷாப்பில் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் திரை கறுப்பாகி, எங்கெல்லாம் முழு வெள்ளை ஆகிவிட்டதோ அங்கே மட்டும் வெளுத்துக் காட்டும். முகத்தின் விளிம்பை அது தின்னத் தொடங்குகிற வரை இழுத்து, கொஞ்சம் பின்வாங்குங்கள்.

அப்படியும் மூலைகளில் சாம்பல் மிஞ்சினால் பெரிய வெள்ளை பிரஷால் பூசிவிடலாம். தலைமுடியின் ஓரம்தான் கஷ்டம். அங்கே வெட்டப் போகாதீர்கள், ஆட்டோமேட்டிக் செலக்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிசிறு முடிகளைத் தின்றுவிடும், அல்லது ஒரு வெளிர் வளையத்தை விட்டுவைக்கும். தேய்த்த இடத்தை வெளுப்பாக்குகிற டாட்ஜ் டூலை எடுத்து, ரேஞ்ச் என்ற இடத்தில் ஹைலைட்ஸ் வைத்து, 20 சதவீத அளவில் முடியின் ஓரமாக மெதுவாகத் தேய்த்தால் முடிக்கு இடையில் இருக்கிற வெளிர் சாம்பல் மட்டும் வெள்ளையாகும், கறுப்பு முடி பெரும்பாலும் தொடப்படாது. பத்து நிமிடம் பொறுமையாகச் செய்தால் ஒவ்வொரு பிசிறும் தங்கும்.

பின்னணி இருட்டாகவோ குழப்பமாகவோ இருக்கிற படமானால் வேறு வழியில்லை, உருவத்தை செலக்ட் செய்து கீழே ஒரு வெள்ளை லேயர் வைத்தாக வேண்டும்.

இரண்டாவது படத்தை இறக்குவது

இனி காட்டுப் படத்தை மேல் லேயராகக் கொண்டுவந்து மோடை ஸ்கிரீன் ஆக்குங்கள். கொண்டுவந்த உடனே ஃபோட்டோஷாப்பில் அதை ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிடுவது நல்லது, மூலப் படத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கும் என்பதால் பத்துத் தடவை சிறிதாக்கிப் பெரிதாக்கினாலும் தரம் போகாது. அப்புறம் கண்ட்ரோல் டி அழுத்தி நகர்த்துங்கள், சுழற்றுங்கள், திருப்புங்கள். இந்த இடத்தில் நிறைய நேரம் செலவழியுங்கள். மரத்தின் தண்டு கழுத்துக்கோட்டோடு சேருகிறதா, மலையின் சரிவு நெற்றியின் சரிவோடு ஒத்துப்போகிறதா என்று தேடுங்கள். ஒரு கோடாவது இரண்டு படத்துக்கும் பொதுவாகக் கிடைத்துவிட்டால் படம் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒன்று கிடைக்கும்போது வருகிற மகிழ்ச்சிக்காகவே இந்த வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறேன்.

வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் முகத்தின் வெளிச்சமான பகுதியில், கன்னத்தில், நெற்றியில், காடு அரைகுறையாகத் தெரிந்து தொந்தரவு செய்யும். அதற்கு இரண்டு வழி.

ஃபோட்டோஷாப்பில் லேயர் பெயருக்குப் பக்கத்தில் காலி இடத்தில் இரட்டைக் கிளிக் செய்தால் வருகிற ஜன்னலின் அடியில் பிளெண்ட் இஃப் என்று இருக்கும். அதில் அண்டர்லையிங் லேயர் என்ற பட்டையின் வெள்ளை முக்கோணத்தை இடப்பக்கம் இழுத்தால், கீழே வெளிச்சமாக இருக்கிற இடங்களிலிருந்து காடு விலகிவிடும். சும்மா இழுத்தால் வெட்டினாற்போல் விளிம்பு வரும், ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு முக்கோணத்தை இரண்டாகப் பிளந்து தூரமாக வைத்தால் பூப்போல மங்கி மறையும்.

இந்த வசதி இல்லாத சாஃப்ட்வேரிலும் அதே விளைவைக் கொண்டுவரலாம். முகப் படத்தை முழுவதும் காப்பி செய்து, காட்டு லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, அந்த மாஸ்க்குக்குள்ளேயே பேஸ்ட் செய்துவிட்டு இன்வெர்ட் செய்யுங்கள், அதாவது கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றுங்கள். ஃபோட்டோஷாப்பில் பேஸ்ட் செய்வதற்கு முன் மாஸ்க் சிறுபடத்தின் மேல் ஆல்ட்டோடு கிளிக் செய்து மாஸ்க்கைத் திறந்துகொள்ள வேண்டும். இப்போது முகம் எங்கெல்லாம் இருட்டோ அங்கே மாஸ்க் வெள்ளை, அங்கேதான் காடு தெரியும். முகத்தின் சொந்த ஒளியே மாஸ்க்காக மாறுவதால் கையால் வரைவதைவிட இயல்பாக இருக்கும்.

அதற்கு மேல் கையால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மென்மையான விளிம்புள்ள பெரிய பிரஷ், ஃப்ளோ (சாயம் இறங்குகிற வேகம்) 10 முதல் 15 சதவீதம், நிறம் கறுப்பு, மாஸ்க்கின் மேல் தேர்வு இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துவிட்டுக் கண்ணையும் உதட்டையும் சுற்றி மெதுவாகத் தடவுங்கள். ஒரே அழுத்தில் அழிக்காமல் பல தடவை தடவி ஏற்றுவதுதான் முறை. அதிகமாகிவிட்டால் எக்ஸ் அழுத்தினால் நிறம் வெள்ளைக்கு மாறும், திரும்ப வரவழைத்துக்கொள்ளலாம். இரேசர் டூலை மட்டும் தொடாதீர்கள், அது அழித்தது போனதுதான்.

ஒரு விஷயம் இங்கே பலரைத் திணறவைக்கும். மாஸ்க் வரைந்த பிறகு காட்டை நகர்த்தினால் மாஸ்க்கும் கூடவே நகர்ந்து முகம் பாழாகிவிடும். லேயர் சிறுபடத்துக்கும் மாஸ்க் சிறுபடத்துக்கும் நடுவில் இருக்கிற சங்கிலிக் குறியைக் கிளிக் செய்து எடுத்துவிட்டால் இரண்டும் தனித்தனி. மாஸ்க் இருந்த இடத்தில் இருக்க, உள்ளே காட்டை மட்டும் இழுத்துப் பார்க்கலாம்.

ஸ்கிரீன் போதாதபோது

உருவத்துக்குள் காடு இன்னும் அழுத்தமாக, அதன் சொந்த நிறத்தோடு தெரிய வேண்டும் என்றால் வரிசையை மாற்றிப் போடுங்கள். வெள்ளைப் பின்னணி லேயர், அதன் மேல் வெட்டி எடுத்த உருவம், அதன் மேல் காட்டுப் படத்தை நார்மல் மோடில் வைத்து கண்ட்ரோல் ஆல்ட் ஜி அழுத்திக் கிளிப்பிங் மாஸ்க் ஆக்குங்கள். காடு உருவத்தின் எல்லைக்குள் அடைபட்டுவிடும். கிம்பில், உருவ லேயரில் ஆல்ஃபா டு செலக்ஷன் கொடுத்து, அந்த செலக்ஷனிலிருந்து காட்டு லேயருக்கு மாஸ்க் சேர்த்தால் அதே பலன். இப்போது முகம் முழுவதும் மறைந்திருக்கும். உருவ லேயரின் இன்னொரு நகலை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, மல்ட்டிபிளை அல்லது ஸ்கிரீன் கொடுத்து, அதற்கு முழுக் கறுப்பு மாஸ்க் போட்டு, கண், மூக்கு, காது பக்கம் மட்டும் வெள்ளை பிரஷால் முகத்தை வரவழையுங்கள். இதில் கட்டுப்பாடு அதிகம், ஆனால் விளிம்பு ஸ்டிக்கர் ஒட்டினாற்போல் கூர்மையாகிவிடுகிற ஆபத்தும் அதிகம். மனதுக்கு நெருக்கமாக எனக்குப்படுவது முதல் முறைதான்.

மூன்றாவது படம் சேர்க்கலாமா? சேர்க்கலாம், ஒரு காரணம் இருந்தால். உருவத்துக்கு வெளியே பறந்து போகிற பறவைகள் வேண்டும் என்றால் வெளுத்த வானத்தில் கறுப்பாகத் தெரிகிற பறவைகளை எடுத்து மல்ட்டிபிளை மோடில் வையுங்கள். அதில் வெள்ளை மறைந்து இருட்டு மட்டும் தங்கும், ஸ்கிரீனுக்கு நேர் எதிர். வானம் முழு வெள்ளையாக இல்லாவிட்டால் அந்த லேயருக்கும் லெவல்ஸ் ஒரு தடவை. நட்சத்திரம், தெருவிளக்கு, மழைத்துளி மாதிரி இருட்டில் மின்னுகிற விஷயங்களுக்கு லைட்டன் மோட் நன்றாக இருக்கும். அது ஒளியைக் கூட்டுவதில்லை, ஒவ்வொரு சேனலிலும் இரண்டில் எது வெளிச்சமோ அதை எடுத்துக்கொள்கிறது, அதனால் படம் வெளிறிப்போகாது.

ஒரே காட்சியை நகர்ந்து நகர்ந்து ஏழெட்டு முறை எடுத்துச் சேர்க்கிற வகையில் மட்டும் ஒப்பாசிட்டி முறை சரியாக வேலை செய்யும். எல்லாவற்றையும் நார்மலில் வைத்து, அடியிலிருந்து 100, 50, 33, 25, 20 என்று கொடுத்துக்கொண்டே போனால், அதாவது 100-ஐ லேயரின் வரிசை எண்ணால் வகுத்து வைத்தால், எல்லாப் படத்துக்கும் சம பங்கு கிடைக்கும். எல்லாவற்றுக்கும் 50 வைத்தால் மேலே இருப்பது மட்டுமே ஆதிக்கம் செலுத்தும்.

இரண்டையும் ஒன்றாக்குவது

வேறு வேறு நாளில், வேறு வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்கள் ஒரே ஃபிலிமில் பதிந்தவை போல இருக்க வேண்டும். ஸ்கிரீன் எப்போதும் படத்தை வெளுக்கவே செய்யும் என்பதால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கர்வ்ஸ் லேயர் (வெளிச்சத்தை ஒரு வளைகோட்டால் திருத்துவது) போட்டு இருட்டுப் பகுதியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். அதன் மேல், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நாம் சொல்கிற நிறங்களை ஏற்றுகிற ஒரு கிரேடியன்ட் மேப், இருட்டுக்கு ஆழ்ந்த நீலமோ பழுப்போ, வெளிச்சத்துக்கு வெளிர் மஞ்சள், ஒப்பாசிட்டி 40 சதவீதம் பக்கம். இரண்டு படமும் ஒரே சாயத்தில் நனைந்ததும் சட்டென்று ஒன்றாகிவிடும்.

கடைசியாக கிரெய்ன், அதாவது ஃபிலிம் படங்களில் தெரிகிற பொடிப் புள்ளிகள். ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு புது லேயர் பட்டனை அழுத்தி, மோட் ஓவர்லே, 50 சதவீத சாம்பல் நிரப்பு என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். ஓவர்லேயில் அந்தச் சாம்பல் கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் நாய்ஸ் ஃபில்டர், 5 சதவீதம், மோனோகுரோமட்டிக். முகத்திலும் காட்டிலும் ஒரே பொடி படிந்ததும் தனித்தனியாக நின்ற கூர்மைகள் சமமாகிவிடும். வானத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிற கோடுகளும் இதில் குறையும். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான் என்பதால் மென்மையான வானத்தை அதிகம் இழுத்தால் அந்தக் கோடுகள் வரும், முடிந்தால் தொடக்கத்திலேயே 16 பிட்டில் வேலை செய்யுங்கள்.

கணினி இல்லை, போன் மட்டும்தான் என்றால் ஸ்னாப்சீடில் டபுள் எக்ஸ்போஷர் என்றே ஒரு டூல் இருக்கிறது. முகத்தைத் திறந்து, டூலுக்குள் போய் இரண்டாவது படத்தைச் சேர்த்து, லைட்டன் தேர்ந்தெடுத்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம். படம் தேர்ந்தெடுப்பது பற்றி மேலே சொன்னது இதற்கும் அப்படியே பொருந்தும்.

முடிந்தது என்று தோன்றியதும் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் முதலில் உருவம், அடுத்து காடு என்று வரிசையாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டு வந்தால் காட்டு லேயரின் மாஸ்க்குக்குத் திரும்பிப் போய் முகத்தின் பக்கம் இன்னும் கொஞ்சம் கறுப்பு தடவுங்கள். அப்புறம் லேயர்களோடு பிஎஸ்டி-யாகவோ கிம்பில் எக்ஸ்சிஎஃப்-ஆகவோ ஒரு பிரதி சேமித்துவிட்டு, வெளியே போடுவதற்கு எஸ்ஆர்ஜிபி-யில் ஒரு ஜேபெக் எடுங்கள். லேயர் பிரதியை அழித்துவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்து காட்டை எடுத்துவிட்டுக் கடலை வைத்துப் பார்க்க உங்களுக்கே தோன்றும், மாஸ்க்கும் சாயமும் கிரெய்னும் அப்படியே காத்திருக்கும்.